ஹூக்ளியின் முஹ்சின் ஹாஜியார் எழுதி வைத்த உறுதியும் எங்கள் வாப்பா எழுதாமல் போன வார்த்தையும்

சென்ற மாதம் எங்கள் ஊரில் ஒரு பெண் நொத்தாரிசின் அலுவலகத்தில் அமர்ந்திருந்தேன். மரண சாசனம் ஒன்று எழுதிக்கொள்வதற்காகச் சென்றிருந்தேன். எனக்கு 67 வயது. பாடசாலையில் வரலாறு படிப்பித்து ஓய்வு பெற்றவன். பெரிய சொத்து எதுவும் இல்லை. ஒரு வீடு, கொஞ்சம் வயற்காணி, வங்கியில் சிறு தொகை, அவ்வளவுதான். அதில் ஒரு பங்கை, வாரிசுகளுக்குப் பாதிப்பில்லாத வகையில், ஊரின் ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு ஒதுக்க வேண்டும் என்பது நீண்ட நாள் எண்ணம்.

நொத்தாரிசு என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டார். எதைக் கொடுக்கப் போகிறீர்கள், யாருக்கு என்ற முதல் இரண்டுக்கும் தயாராகப் போயிருந்தேன். உங்களுக்குப் பிறகு அதை யார் பார்ப்பார், அவருக்குப் பிறகு யார், அவர் யாருக்குக் கணக்குக் காட்டுவார் என்பது மூன்றாவது. அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. யோசித்துக்கொண்டு வருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில் நினைவுக்கு வந்தவர் ஹாஜி முஹம்மத் முஹ்சின். இந்திய வரலாறு படிப்பித்த காலத்தில் வாசித்து அறிந்தவர். எமது நாட்டில் அவரைத் தெரிந்தவர்கள் குறைவு. வங்காளத்தில் நிலைமை வேறு. மேற்கு வங்கத்திலும் பங்களாதேஷிலும் பாடப் புத்தகத்தில் அவர் பெயரைப் படிக்காத பிள்ளை இல்லை எனலாம். வங்காளத்தின் ஹாத்திம் தாய் என்று அவரை அழைப்பார்கள். அவரது கொடையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அவர் கண்மூடிய பிறகு அந்தக் கொடைக்கு என்ன நடந்தது என்பதைச் சொல்பவர்கள் குறைவு. எனக்கு முக்கியமாகப் படுவது அந்தப் பகுதிதான்.

முஹ்சின் 1732இல் கல்கத்தாவுக்கு வடக்கே கங்கைக் கரையில் உள்ள ஹூக்ளி நகரில் பிறந்தார். தந்தை ஹாஜி பைஸுல்லாஹ். தாய் ஸைனப் கானம். தாய்க்கு இது இரண்டாவது திருமணம். முதல் கணவர் ஆகா முதஹ்ஹர் என்ற பெரும் செல்வந்தர். ஜெசூர், ஹூக்ளி, நதியா பகுதிகளில் அவருக்குப் பரந்த ஜாகீர் நிலங்கள் இருந்தன. அவருக்கு ஒரே பிள்ளை, மன்னுஜான் என்ற மகள்.

இந்த ஆகா முதஹ்ஹரைப் பற்றி ஒரு கதை உண்டு. மகளுக்கு ஒரு தங்கத் தாயத்தைக் கொடுத்து, தான் இறந்த பிறகே அதைத் திறக்க வேண்டும் என்று சொல்லி வைத்தாராம். அவர் மறைந்த பின் திறந்து பார்த்தால் உள்ளே சொத்து முழுவதையும் மகளுக்கே எழுதி வைத்த பத்திரம். மனைவிக்கு ஒன்றுமில்லை. அந்த மனவருத்தத்தில்தான் ஸைனப் கானம் பைஸுல்லாஹ்வை மறுமணம் செய்தார் என்கிறார்கள். எவ்வளவு தூரம் உண்மையோ, அல்லாஹ் அறிவான். ஷரீஅத்தின் கண்ணில் இது நல்ல முன்மாதிரி அல்ல. மனைவியின் பங்கு அல்குர்ஆன் நிர்ணயித்தது, அதைத் தாயத்துக்குள் மறைத்துப் பறிக்க எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அந்த மறுமணத்தில் பிறந்த பிள்ளைதான் முஹ்சின். மன்னுஜானுக்கு அவர் தாய்வழித் தம்பி. வயதில் ராத்தா பல வருடங்கள் மூத்தவர். இருவரும் ஒரே வீட்டில் வளர்ந்தார்கள், ஒருவர் மீது ஒருவர் மிகுந்த பாசம் வைத்திருந்தார்கள்.

முஹ்சின் ஹூக்ளியிலும் பின்னர் முர்ஷிதாபாத்திலும் கல்வி கற்றார். அறபும் பாரசீகமும் குர்ஆன், ஹதீஸ், பிக்ஹும் படித்தார். பிறகு நீண்ட பயணம் புறப்பட்டார். ஈரான், ஈராக், அறபு நாடு, துருக்கி என்று சுற்றி ஹஜ்ஜையும் நிறைவேற்றித் திரும்பினார். குர்ஆனை அழகிய கையெழுத்தில் பிரதி எடுக்கும் பழக்கம் அவருக்கு இருந்ததாகவும், அதில் வந்த பணம் ஏழைகளுக்கே போனதாகவும் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அவர் திருமணம் செய்யவில்லை.

இதற்கிடையில் மன்னுஜான் ஹூக்ளியின் உதவி பவுஜ்தார் மிர்ஸா ஸலாஹுத்தீனை மணந்து, அவரையும் இழந்து, பிள்ளைகள் இல்லாத விதவையாகத் தனியே அந்தப் பெரும் சொத்தைக் கட்டி ஆண்டுகொண்டிருந்தார். வயதானபோது தம்பியை அழைத்துக்கொண்டார். 1803இல் அவர் வபாத்தானபோது சொத்து முழுவதையும் முஹ்சினுக்கே விட்டுச் சென்றார்.

இதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 71 வயது முதியவர். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. எளிமையாக வாழ்ந்து பழகியவர். வங்காளத்தின் பெரிய பண்ணைகளில் ஒன்று அவர் கைக்கு வந்து சேர்கிறது. ஜெசூரில் ஸைதபூர் என்ற நிலப்பகுதி மட்டுமே பெரும் வருமானம் தருவது. மூன்று வருடங்கள் கழித்து, 1806இல், 74ஆவது வயதில், அவர் வக்பு உறுதி ஒன்றை எழுதி முழுச் சொத்தையும் அல்லாஹ்வின் பாதையில் கட்டிவைத்தார்.

இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் செய்தது வஸிய்யத் அல்ல, வக்பு. வஸிய்யத் நாம் இறந்த பிறகே நடைமுறைக்கு வருவது. கடன்கள் தீர்ந்த பின் எஞ்சுவதில் மூன்றில் ஒன்றுக்கு மேல் அது செல்லாது, வாரிசுக்கும் அதில் இடமில்லை. நோயுற்றுக் கிடந்த ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரழி) அவர்கள் தமது சொத்தில் பெரும்பகுதியைத் தர்மம் செய்ய விரும்பியபோது, நபி (ஸல்) அவர்கள் மூன்றில் ஒன்றோடு நிறுத்தி, அதுவே அதிகம் என்றும், வாரிசுகளைப் பிறரிடம் கையேந்த விடாமல் வசதியோடு விட்டுச் செல்வது சிறந்தது என்றும் உணர்த்திய செய்தி நாம் அனைவரும் குத்பாக்களில் கேட்டதுதான். வக்பு வேறு. ஆரோக்கியமாக இருக்கும்போதே கைவிட்டுக் கொடுப்பது. கைபரில் கிடைத்த நிலத்தை உமர் (ரழி) அவர்கள் செய்ததுபோல, மூலத்தை விற்காமல், அன்பளிப்பாக்காமல், வாரிசுரிமையாக்காமல் தடுத்து வைத்து அதன் பலனை மட்டும் பங்கிடுவது. முஹ்சினுக்குப் பிள்ளைகள் இல்லை, உடலும் நன்றாக இருந்தது. ஆகவே முழுவதையும் அவரால் கொடுக்க முடிந்தது. என்னைப் போன்ற பிள்ளைகுட்டிக்காரன் அதைப் பார்த்துப் பிரதி எடுக்கக் கூடாது.

உறுதியில் அவர் வருமானத்தை 9 பங்காகப் பிரித்தார். மூன்று பங்கு மார்க்கக் காரியங்களுக்கு, அதாவது ஹூக்ளி இமாம்பாராவின் பராமரிப்பு, பாத்திஹா, முஹர்ரம் நிகழ்வுகள் போன்றவற்றுக்கு. நான்கு பங்கு உதவிச் சம்பளங்களுக்கும் ஊழியர்களுக்கும் தர்மங்களுக்கும். மீதி இரண்டு பங்கு இரண்டு முதவல்லிகளுக்கு, ஆளுக்கு ஒன்று. முஹ்சின் ஷீஆப் பிரிவைச் சேர்ந்தவர், அதனால்தான் இமாம்பாராவும் முஹர்ரமும் அங்கே வருகின்றன. இதைப் படித்து யாராவது முகம் சுளித்தால் நான் வாதிட வரவில்லை. பிற்காலத்தில் அவரது பணத்தால் படித்த ஆயிரக்கணக்கான வங்காளப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோர் ஸுன்னிகள் என்பதை மட்டும் சொல்லிக் கடந்து போகிறேன்.

உறுதி எழுதிய பிறகு ஆறு வருடங்கள் வாழ்ந்தார். 1812இல், 80ஆவது வயதில், ஹூக்ளியில் வபாத்தாகி அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். பாடப் புத்தகங்களில் கதை இந்த இடத்தில் முடிகிறது. நொத்தாரிசின் மூன்றாவது கேள்வி தொடங்குவதும் இந்த இடத்தில்தான்.

முதவல்லிகளாக அவர் நியமித்தவர்கள் ரஜப் அலி கான், ஷாகிர் அலி கான் என்ற இருவர். அவர் நம்பியவர்கள். சம்பளமும் தாராளம், இருவருக்குமாக மொத்த வருமானத்தில் நூற்றுக்கு 22 வீதம். வக்பைப் பார்ப்பவர் நியாயமான அளவில் உண்ணலாம் என்பதுதான் உமர் (ரழி) அவர்கள் வைத்த அளவு. முஹ்சின் அதைவிடப் பல மடங்கு திறந்த மனதோடு கொடுத்தார். நன்றாகக் கொடுத்தால் கை வைக்க மாட்டார்கள் என்று நினைத்திருக்கலாம். நடந்தது வேறு. அவர் மறைந்து சில வருடங்களுக்குள் நிர்வாகச் சீர்கேடு பற்றிய முறைப்பாடுகள் கிளம்பின. பொதுத் தர்மங்களை மேற்பார்வை செய்ய அரசுக்கு அதிகாரம் கொடுத்த 1810ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க ஒழுங்குவிதி ஏற்கெனவே இருந்தது. அதன்கீழ் கிழக்கிந்தியக் கம்பனி அரசு தலையிட்டு முதவல்லிகளை நீக்கியது. அவர்கள் நீதிமன்றம் போனார்கள். வழக்கு ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி இலண்டன் பிரிவி கவுன்ஸில் வரை சென்று 1835இல்தான் முடிந்தது. முஹ்சின் இறந்து 23 வருடங்கள். தீர்ப்பு அரசின் பக்கம்.

அந்த இழுபறிக் காலம் முழுவதும் வருமானம் செலவாகாமல் சேர்ந்துகொண்டே இருந்தது. நீக்கப்பட்ட ஒரு முதவல்லியின் பங்கை அரசே எடுத்துக்கொண்டது. உதவிச் சம்பளம் பெற்றவர்கள் ஒவ்வொருவராக இறக்க அவர்களின் பங்கும் சேர்ந்தது. அந்தப் பெருந்தொகையில் 1836இல் ஹூக்ளிக் கல்லூரி திறக்கப்பட்டது. இன்று அது ஹூக்ளி முஹ்சின் கல்லூரி.

முஹ்சினின் உறுதி எந்த இடத்திலும் ஆங்கிலக் கல்லூரி ஒன்றைக் கேட்கவில்லை. கல்லூரி நல்லது, அதில் சந்தேகமில்லை. பிற்காலத்தில் வங்காள இலக்கியத்தின் தூணாகிய பங்கிம் சந்திரர் அங்கே படித்தவர். ஆனால் ஒரு முஸ்லிம் முதியவர் அல்லாஹ்வுக்காகக் கட்டிவைத்த பணத்தில் இயங்கிய அக்கல்லூரியில் முஸ்லிம் மாணவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களாகவே இருந்தார்கள். பாரசீகத்தை அரச மொழி என்ற இடத்திலிருந்து இறக்கிய காலம் அது, முஸ்லிம்கள் ஆங்கிலக் கல்வியை நெருங்கத் தயங்கிய காலமும் அதுதான். குறை இரண்டு பக்கமும் இருந்தது. நவாப் அப்துல் லதீப் போன்றவர்கள் இந்த நிதி அதன் சொந்தக்காரர்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று விடாமல் எழுதினார்கள், பேசினார்கள். 1871இல் வில்லியம் ஹண்டர் என்ற ஆங்கிலேய அதிகாரி இந்திய முஸல்மான்களைப் பற்றி எழுதிய நூலில், முஹ்சின் நிதியைத் திசைதிருப்பியதை அரசின் மீதான கறையாகவே காட்டினார்.

1873இல் அரசு இறங்கி வந்தது. கல்லூரியின் செலவைத் தானே ஏற்று, முஹ்சின் நிதியை முஸ்லிம் கல்விக்கு விடுவித்தது. அடுத்த வருடம் டாக்கா, சிட்டகொங், ராஜ்ஷாஹி ஆகிய மூன்று நகரங்களில் அந்தப் பணத்தில் மத்ரஸாக்கள் எழுந்தன. அரச பாடசாலைகளிலும் கல்லூரிகளிலும் படித்த ஏழை முஸ்லிம் மாணவர்களின் கட்டணத்தில் பெரும்பகுதியை முஹ்சின் நிதி செலுத்தியது. வங்காளத்து முஸ்லிம் நடுத்தர வர்க்கம் உருவானதில் அந்தக் கட்டணச் சலுகைக்குப் பெரும் பங்கு உண்டு என்பது என் கணிப்பு. ஒரு கிராமத்து விவசாயியின் மகன் ஆசிரியராகவோ சட்டத்தரணியாகவோ ஆவதற்கு அப்போது வேறு வழி அதிகம் இருக்கவில்லை.

கணக்குப் போட்டேன். 1806இல் எழுதிய உறுதி, 1873இல்தான் சமூகத்தின் பிள்ளைகளைப் பரவலாகச் சென்றடைகிறது. இடையில் 67 வருடங்கள். என் வயது.

ஹூக்ளிக் கல்லூரியில் படித்த மிகச் சில முஸ்லிம்களில் ஒருவர் ஸெய்யித் அமீர் அலி. இஸ்லாத்தைப் பற்றி ஆங்கிலத்தில் அவர் எழுதிய நூல் எமது பழைய தலைமுறையின் வீட்டு அலுமாரிகளில் இருந்தது. அவர் கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தபோது, குடும்பத்தினருக்கும் பயன் தரும் வக்புகள் செல்லுமா என்ற கேள்வி எழுந்தது. சக நீதிபதிகள் செல்லாது என்றபோது அமீர் அலி தனித்து நின்று மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். பிரிவி கவுன்ஸிலும் 1894இல் செல்லாது என்றே முடிவு செய்தது. கடைசியில் 1913இல், முஹம்மத் அலி ஜின்னா முன்னின்று நிறைவேற்றிய வக்பு சட்டம்தான் அந்த உரிமையை மீட்டது. முஹ்சினின் பணத்தில் எழுந்த கல்லூரியின் மாணவர் ஒருவர் வக்பு என்ற அமைப்புக்காகவே வாதாடியது எனக்கு இன்றும் வியப்பு.

ஹூக்ளியின் பெரிய இமாம்பாரா, அதன் மணிக்கூண்டு எல்லாம் முஹ்சின் கண்டவை அல்ல. 1841இல் தொடங்கி 1861இல் முடிந்த கட்டடம் அது. 1947இல் நாடு பிரிந்தபோது ஹூக்ளி இந்தியாவிலும், வருமானம் தந்த ஜெசூர் கிழக்குப் பாகிஸ்தானிலும் விழுந்தன. எந்த உறுதி எழுதுபவராலும் அதை முன்கூட்டிக் காண முடியாது. இன்று சிட்டகொங்கில் அவர் பெயரில் அரச கல்லூரி உண்டு, டாக்காப் பல்கலைக்கழகத்தில் மாணவர் விடுதி உண்டு.

இனி என் வாப்பாவின் கதை.

வாப்பாவுக்குக் கடைத்தெருவில் இரண்டு கடை அறைகள் இருந்தன. நோய்வாய்ப்பட்டு இறுதி நாட்களில், ஒரு அஸருக்குப் பிறகு, பிள்ளைகள் நால்வரையும் அருகில் அழைத்து, அதில் ஒரு கடையின் வாடகை ஊரின் அநாதைப் பிள்ளைகளின் புத்தகத்துக்கும் உடுப்புக்கும் போக வேண்டும் என்று சொன்னார். உம்மாவும் இருந்தார். எல்லோரும் அழுதோம், எல்லோரும் சம்மதித்தோம். ஒருவரும் பேனாவை எடுக்கவில்லை. வாப்பாவின் பக்கத்தில் கடதாசியோடு உட்கார்ந்தால் அவர் மௌத்தை எதிர்பார்ப்பது போல இருக்கும் என்று கூச்சம். மூன்று நாட்களில் வபாத்தானார்.

முதல் வருடம் ஒழுங்காகக் கொடுத்தோம். இரண்டாவது வருடம் காக்காவின் மகளுக்குக் கலியாணம், ஆறு மாத வாடகையைக் கடனாக எடுத்தார். பிறகு தம்பி வெளிநாடு போக முகவருக்குக் காசு கட்ட வேண்டியிருந்தது. மூன்றாவதாக எடுத்தது நான். வீட்டுக் கூரை போட. திருப்பிக் கொடுக்கும் எண்ணத்தோடுதான் எடுத்தேன். எவரும் திருடவில்லை, எல்லோருக்கும் தேவை இருந்தது. பிறகு வாடகைதாரர் மாறினார், கடை காக்காவின் பெயருக்கு வந்தது, காக்காவும் மௌத்தானார். இன்று அவரது பிள்ளைகளுக்கு அது தங்கள் வாப்பா விட்டுச் சென்ற கடை. மூத்தவாப்பா என்ன சொன்னார் என்று அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

எமது நாட்டுச் சட்டத்தில் வாயால் சொன்ன மரண சாசனத்துக்குப் பெறுமதி இல்லை. 1840ஆம் ஆண்டிலிருந்தே அப்படித்தான். எழுத்தில் இருக்க வேண்டும், நொத்தாரிசு முன்னிலையில் என்றால் இரண்டு சாட்சிகள், நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள். அன்று வாப்பாவின் கட்டிலைச் சுற்றி நாங்கள் ஐந்து பேர் நின்றோம் என்பதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது. வாரிசுகள் சாட்சியாக நிற்பது நல்லதல்ல என்பது வேறு விடயம். பக்கத்து வீடுகளில் ஆட்கள் இருந்தார்கள்.

முஹ்சின் எழுதினார், ஆனால் எழுதியதைக் கண்காணிக்க ஆள் வைக்கவில்லை. வாப்பா எழுதவே இல்லை. இரண்டுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் உண்டு. உறுதி ஒன்று இருந்தபடியால்தான் 60 வருடங்கள் கழித்தும் அப்துல் லதீபுக்கு அதைச் சுட்டிக்காட்டிப் பேச முடிந்தது. எங்கள் வீட்டில் சுட்டிக்காட்ட ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை.

நொத்தாரிசிடம் இரண்டாவது தடவை போனபோது மூன்றாவது கேள்விக்குப் பதில் கொண்டு போனேன். இப்போதே வயலில் ஒரு ஏக்கரை வக்பாக எழுதி, 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டத்தின்படி வக்பு சபையில் பதிவு செய்வது. மரண சாசனத்தில் வைப்பது மீதியில் ஒரு சிறு பங்கு மட்டும், மூன்றில் ஒன்றுக்கும் குறைவாக. பார்ப்பதற்கு மூன்று பேர், ஒருவர் என் குடும்பம், இருவர் வெளியார். மூவரும் சேர்ந்து ஒப்பமிட்டால்தான் பணம் வெளியே வரும். ஒருவர் மௌத்தானால் மற்ற இருவரும் மூன்று மாதங்களுக்குள் புதியவரைச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு றமழானுக்கு முன்பும் வரவு செலவைப் பள்ளிவாசல் அறிவித்தல் பலகையில் ஒட்ட வேண்டும். குடும்பத்தவர் எவரும் கடனாகக்கூட எடுக்க முடியாது என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். நொத்தாரிசு நிமிர்ந்து பார்த்தார். காரணம் சொல்லவில்லை.

குடும்பத்திலிருந்து யார் என்று கேட்டார். இளைய மகளின் பெயரைக் கொடுத்தேன். கணக்கியல் படித்தவள், எனக்குச் சாப்பாட்டுக் கணக்கே பார்ப்பவள். மகன் கொஞ்சம் முகம் சுருக்கினான். பிறகு பேசிக்கொள்ளலாம்.

கடையின் விடயம் இன்னும் அப்படியே இருக்கிறது. தம்பிக்குக் கோல் எடுத்து, நாம் எடுத்ததைக் கணக்குப் பார்ப்போமா என்று கேட்டேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு யோசித்துச் சொல்வதாகச் சொன்னான். ராத்தா, தான் எதுவும் எடுக்கவில்லை என்றாலும் தன் பங்குக்குக் கொஞ்சம் போடுவதாகச் சொல்லி அழுதார். காக்காவின் மூத்த மகனை வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லியிருக்கிறேன். அவனுக்கு விடயம் தெரியாது. கூரைக்கு நான் எடுத்த தொகையை அன்றைய வாடகைக் கணக்கில் ஒரு கடதாசியில் எழுதி வைத்திருக்கிறேன். அதை முதலில் அவன் கையில் கொடுத்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும்.